செடம் செடியும் சென்னை இரவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மாடித்தோட்டக் கட்டுரை, ஆங்கிலத்தில் 'ஸ்டோன்கிராப்' என்று சொல்லப்படும் செடம் செடிகளை 'தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வளரும் செடி' என்று பரிந்துரைத்திருந்தது. படித்த கையோடு நர்சரிக்குப் போய் ஒரு தொட்டி வாங்கி வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கட்டுரையில் சொன்னபடியே வளர்த்தால் ஐப்பசி மழை ஓயும்போது தொட்டியில் கறுத்த தண்டுதான் மிஞ்சும். கட்டுரை பொய் சொல்லவில்லை. ஆனால் அது பொழுது சாய்ந்தால் குளிர்ந்துவிடும் ஊர்களுக்கு எழுதப்பட்ட குறிப்பு. சென்னையின் கணக்கு வேறு. அதை விளக்கவே இந்தக் கடிதம், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் செடி எது என்று தெளிவாக வேண்டும். நர்சரிகளில் சதைப்பற்றான எதையும் 'கள்ளி' என்று கொடுத்துவிடுகிறார்கள். செடம் கள்ளி அன்று. கிள்ளினால் பால் வராது, முள்ளும் கிடையாது. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. செடத்தில் அந்த அச்சம் இல்லை. இது கிராசுலேசியே குடும்பம், நம் ஊர் ரணகள்ளிக்கு உறவு. பூ சிறியது, பெரும்பாலும் ஐந்து இதழ், நட்சத்திர வடிவம், இதழைப்போல் இரு மடங்கு மகரந்தத் தாள்கள். இப்பேரினத்தில் நானூறுக்கு மேல் இனங்கள் உண்டு. சென்னையில் அதிகம் விற்பது 'டாங்கி டெயில்' அல்லது 'பர்ரோஸ் டெயில்' என்ற பெயரில் வரும் செடம் மார்கனியானம். நீலம் கலந்த பச்சையில், இரண்டு மூன்று செ.மீ. நீளமுள்ள குண்டு இலைகள் சடை பின்னியதுபோல் நெருங்கித் தொங்கும். தண்டு 60 செ.மீ. வரையும் அதற்கு மேலும் தொங்கும். 1938இல் பெயரிடப்பட்ட இச்செடியின் பூர்வீகம் மெக்சிகோவின் வெராக்ரூஸ் பக்கத்து மலைச்சரிவுகள். இலைமேல் திருநீறு பூசியதுபோல் இருக்கும் வெண்பூச்சு ஒரு வகை மெழுகு. அதைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவர்கள் செடியின் குடையைப் பிடுங்குகிறார்கள். விரல் பட்ட இடத்தில் அது திரும்ப வராது.

இப்போது இரவுக் கணக்குக்கு வருகிறேன். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். இந்தக் குடும்பத்துச் செடிகள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்துவைத்து, மறுநாள் வெயிலில் அதைச் சர்க்கரையாக்கும். பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் படித்தவர்களுக்கு இது 'கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம்' என்று நினைவிருக்கும். இந்த அறிவுக்குத் தொடக்கப்புள்ளி நம் ஊர்ப்பக்கம்தான் என்பது பலருக்குத் தெரியாது. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு மதராஸ் அரசின் தாவரவியலாளராகி, 1819இல் மதராஸிலேயே இறந்தவர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று இந்தியாவில் மென்று பார்த்துக் கண்டதை அவர் 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1815இல் அது அச்சானது.

இந்த ஏற்பாடு நன்றாக நடக்க இரவு குளிர வேண்டும். இரவு வெப்பம் ஏற ஏற அமிலம் சேர்வது குறையும், மூச்சுவிடுவதிலேயே சேமிப்பு கரையும். சென்னையில் மார்கழி, தை இரவுகள் 20, 22 டிகிரிக்கு இறங்குகின்றன. செடிக்கு அது போதும். மே, ஜூனில் விடியற்காலையில்கூட 27, 28 டிகிரி. அப்போது செடம் வளர்வதில்லை, இருப்பதைக் கொண்டு காலம் தள்ளுகிறது. வளராத செடி தண்ணீர் உறிஞ்சாது. 'கத்திரி வெயிலாயிற்றே, பாவம்' என்று நாம் ஊற்றும் தண்ணீர் சூடான தொட்டிக்குள் அப்படியே தேங்கும்; காற்றில்லாத வெந்நீர் மண்ணில் வேர் மூச்சுத்திணறி வெந்துபோகும். பூசணம் வருவது அதற்குப் பிறகுதான். சென்னைச் செடங்களை அதிகம் கொல்வது இந்த இரக்கம்.

ஆகவே தொட்டியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இரவை வைத்தே விடை காண வேண்டும். மேற்குச் சுவர் ஓரம் கூடவே கூடாது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சுவர் நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். மொட்டை மாடித் தளத்தில் நேராகத் தொட்டியை வைத்தாலும் அதே கதை. இரண்டு செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள், அல்லது கம்பியில் தொங்கவிடுங்கள். கிழக்கு பார்த்த பால்கனியில் காலை பத்து, பத்தரை வரை வெயில் விழும் இடமே சிறந்தது. அந்த வசதி இல்லாதவர்கள் மாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைக்கலாம். மார்ச் கடைசி முதல் ஆகஸ்ட் வரை வலை வேண்டும்; டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுத்துவிடலாம். நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றும்போது இரண்டு வாரத்தில் சிறுகச் சிறுக மாற்றாவிட்டால் இலையில் பழுப்புத் தழும்பு விழும், அது ஆறாது. வரவேற்பறை அலமாரியில் அழகுக்கு வைத்தாலோ ஒரே மாதத்தில் இலைகளுக்கு இடையே இடைவெளி விழுந்து தண்டு வெளுத்து நீளும். வளர்ச்சி என்று மகிழ வேண்டாம், அது வெளிச்சம் தேடி அலைவது.

அடுத்து மண். இதில்தான் பெரும்பாலான தவறுகள். நம் மாடித்தோட்டங்களில் கத்தரிக்கும் வெண்டைக்கும் பழகிய கலவை செம்மண், கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள், தொழு உரம். கோகோபீட் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், அதற்குத்தான் அதைப் போடுகிறோம். செடத்துக்கு அதுவே எமன். செடத்தின் வேர் மெலிது, ஐந்து முதல் எட்டு செ.மீ. ஆழம்தான் போகும். பாறை இடுக்கில் பொழிந்தவுடன் ஓடிவிடும் நீருக்குப் பழகியது.

சமையலறை டம்ளரே அளவாக இருக்கட்டும். மூன்று முதல் ஆறு மி.மீ. அளவுக்கு உடைத்த நாட்டுச் செங்கல் இரண்டு டம்ளர், கரடுமுரடான மணல் ஒரு டம்ளர், செம்மண் அரை டம்ளர், நன்றாக மக்கிய மண்புழு உரம் அரை டம்ளர். 200 மி.லி. டம்ளர் என்றால் இது நான்கு அங்குலத் தொட்டி இரண்டுக்குச் சரியாக வரும். செங்கலை இடிபாட்டிலிருந்து எடுப்பவர்கள் சிமெண்ட், சுண்ணாம்பு ஒட்டிய துண்டுகளைத் தள்ளிவிட வேண்டும். அவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். செங்கல் கிடைக்காவிட்டால் கால் அங்குல ஜல்லி அல்லது பெர்லைட் என்ற பொரித்த எரிமலைக் கல். பெர்லைட் இலேசானது, தொங்கும் தொட்டிக்கு வசதி. ஆனால் மழையில் மிதந்து மேலே வந்துவிடும். ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் போடலாம், அப்படியே போடாதீர்கள். அதிலுள்ள கல்மாவு ஈரம் பட்டதும் சாந்துபோல் இறுகும். ரவை சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே தங்குவதை மட்டும் இரண்டு முறை அலசிப் பயன்படுத்துங்கள். கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் நீர் ஊற்றிப் பத்து எண்ணுங்கள். அதற்குள் அடித்துளையில் நீர் வர வேண்டும். மேலே குளம்போல் நின்றால் இன்னும் அரை டம்ளர் செங்கல் சேருங்கள்.

தொட்டி சுட்ட மண்ணாக, பூச்சில்லாமல், நான்கு ஐந்து அங்குல வாயும் அதைவிடக் குறைந்த ஆழமுமாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வைத்தால் 'தாராளமாக வளரும்' என்பது தவறு. வேர் எட்டாத மண் முழுதும் ஈரத்தின் கிடங்காகிவிடும். அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது, மேல்மண் ஊறி நிரம்பிய பிறகே சொட்டும். ஜல்லி பரப்பியதால் ஈரப்படலம் இன்னும் மேலே, வேருக்குப் பக்கமாக ஏறுகிறது. துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும். இப்போது கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகச் செடம் தொட்டி கொடுக்கும் வழக்கம் வந்திருக்கிறது. நல்ல வழக்கம்தான், ஆனால் அந்தப் பீங்கான் கிண்ணங்களில் பெரும்பாலும் துளை இருப்பதில்லை, மேலே வண்ணக் கற்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் கல்லைப் பெயர்த்து, செடியை மாற்றிவிடுவதே அதற்குச் செய்யும் உபகாரம்.

நர்சரியில் வாங்கியதையும் மாற்றத்தான் வேண்டும். இங்கே விற்பவற்றில் பல, பெங்களூரிலிருந்தும் காலிம்போங்கிலிருந்தும் கோகோபீட் உருண்டையில் வருபவை. மூன்று நாள் தண்ணீர் காட்டாமல் வைத்து, பிறகு உருண்டையை விரலால் மெல்ல உதிர்க்கவும். சில வேர்கள் அறுந்தால் பாதகமில்லை. இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, காய்ந்த கலவையில் நட்டு, ஐந்தாறு நாள் கழித்தே முதல் தண்ணீர். நட்டவுடன் ஊற்றும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். அறுந்த வேர் நுனி ஆறுவதற்கு முன் ஈரம் பட்டால் அழுகல் அந்த வழியாகவே நுழையும்.

தண்ணீருக்கு நாள்காட்டி வைக்காதீர்கள், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஊற்றிய அன்று கனத்ததும் காய்ந்த அன்று எடை குறைந்ததும் இரண்டு மூன்று முறையில் கைக்குப் பழகிவிடும். சந்தேகமானால் ஒரு தென்னை ஈர்க்கை அடிவரை குத்தி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரமோ மண் துகளோ ஒட்டியிருந்தால் இன்னும் பொறுங்கள். தோராயமாகச் சொன்னால் தை முதல் பங்குனி வரை ஆறேழு நாளுக்கு ஒருமுறை, கோடையில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகையில் செடி கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். இருபது நாள் ஊற்றாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது. ஊற்றும் நாளில் துளி துளியாகத் தெளிக்காமல் அடியில் வழியும் வரை, நான்கு அங்குலத் தொட்டிக்கு 100, 120 மி.லி. ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் பகலில் ஊற்றவே கூடாது. பொழுது சாய்ந்து தொட்டியைத் தொட்டால் சூடு இல்லை என்ற பிறகு, இலைமேல் படாமல் மண்ணில் மட்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம். உள்ளே வந்த உப்பு முழுதும் அதில் அடர்ந்திருக்கிறது. வாழைக்குப் போகட்டும், செடத்துக்கு வேண்டாம். கடலோரப் பகுதிகளின் போர் தண்ணீரும் அவ்வாறே: தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்தால் உப்பு ஏறுகிறது என்று பொருள். மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு அநேகமாக இல்லை, பிடித்து வைத்து ஊற்றலாம்.

இலை சுருங்கினால் என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். சுருங்கிய இலையோடு காய்ந்த மண் இருந்தால் தாகம். ஊற்றினால் இரண்டு நாளில் தேறும். சுருங்கிய இலையோடு ஈர மண் இருந்தால் வேர் செத்துவிட்டது. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் குடிக்க வாயில்லை. இந்த இரண்டாவது நிலையில் 'வாடுகிறதே' என்று மேலும் ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் கொலை. கீழ் இலைகள் மஞ்சளித்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும்படி கூழாகி, தொட்டவுடன் கொத்தாக உதிர்ந்தால் அழுகல் தண்டுக்கு ஏறிவிட்டது. செடியை உடனே பிடுங்குங்கள். தண்டை நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். வெட்டிய முகம் பச்சையும் வெள்ளையுமாகச் சுத்தமாக இருக்கும் இடம் வரை காப்பாற்றலாம், நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் இன்னும் மேலே வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்கவும்.

புழுக்கமும் மழையும் சேர்ந்த நாட்களில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு போன்ற பழுப்பு மணிகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம் பூசணம். அந்த மணிகள் மண்ணில் பல காலம் உயிரோடு கிடக்கும். 'மண் வீணாகிறதே' என்று அதைப் பக்கத்துத் தொட்டியில் கொட்டுவது நோயைப் பங்கு போட்டுக் கொடுப்பதாகும். மண்ணைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். வருமுன் காக்க, மண்புழு உரத்தில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து சில நாள் ஈரப்பதத்தோடு நிழலில் வைத்துப் பிறகு கலவையில் சேர்க்கலாம். வந்த பிறகு அது மருந்தாகாது.

மாவுப்பூச்சி இலைக்கும் தண்டுக்கும் இடையே பஞ்சுபோல் ஒளிந்திருக்கும். எறும்பு வரிசை தொட்டியில் ஏறுவதுதான் முதல் அறிகுறி. வேப்பெண்ணெயை அடித்துவிடுவது நம் முதல் யோசனையாக இருக்கும். எண்ணெய் அந்த மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும், அடுத்த நாள் வெயிலில் இலை வெந்துவிடும். 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தோய்த்துப் பூச்சியின்மேல் மட்டும் வையுங்கள். முதலில் ஒரு இலையில் சோதித்து மறுநாள் பார்த்துக்கொள்வது நல்லது. வாரம் ஒருமுறை என நான்கு வாரம் தொடர வேண்டும், முட்டைகள் பொரித்து வந்துகொண்டே இருக்கும். மேலே ஒன்றும் தெரியாமல் செடி மட்டும் மெலிந்தால் வேரைப் பாருங்கள், மண்ணுக்குள்ளும் ஒரு வகை மாவுப்பூச்சி உண்டு.

உரம் அதிகம் வேண்டாம். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், தையில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை, அவ்வளவுதான்.

பெருக்குவது எளிது, காலம் மட்டும் பார்க்க வேண்டும்: மார்கழி பிறந்ததிலிருந்து மாசி முடிய. எட்டுப் பத்து செ.மீ. நுனித்தண்டை வெட்டி, கீழே மூன்று செ.மீ. இலைகளை நீக்கி, காற்றோட்டமான நிழலில் ஐந்து நாள் வெட்டுவாய் தக்கையாகும் வரை வைத்து நடவும். காற்றில் ஈரம் அதிகமானால் பத்து நாளும் ஆகலாம், அவசரம் வேண்டாம். தானாக உதிர்ந்த இலைகளையும் வீணாக்காதீர்கள். ரணகள்ளி இலையைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று காத்திருந்த தலைமுறைகளுக்கு இது புதிதல்ல. ஒரு வேறுபாடு உண்டு. ரணகள்ளி இலையின் விளிம்புப் பற்களில் குட்டி போடும். செடம் இலை, தண்டோடு ஒட்டியிருந்த அடிமுனையில் மட்டுமே போடும். அந்த முனை முறிந்த இலையை எவ்வளவு காத்தாலும் பயனில்லை. முழு இலைகளை மூன்று நாள் காயவிட்டு, கலவைமேல் புதைக்காமல் படுக்கவைத்து, மூன்று நாளுக்கொருமுறை லேசாக நீர் தெளித்தால் இரண்டு மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பு வேர்கள் தெரியும், பிறகு கடுகளவு ரோஜாப்பூவாய்க் குட்டி. தாயிலை தானாகச் சுருங்கி உதிரும் வரை பிரிக்கக் கூடாது.

இன்னொன்று. எல்லாச் செடமும் சென்னைக்கு ஆகாது. மெல்லிய இலையும் வெளிர்பச்சை நிறமுமுள்ள செடம் மெக்சிகானம் இந்தப் புழுக்கத்தை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். புதியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். 'ஜெல்லி பீன்' என்று விற்கும் செடம் ரூப்ரோடிங்டம் பிழைக்கும், ஆனால் படத்தில் உள்ள சிவப்பு, குளிரும் வெயிலும் சேர்ந்தால் வருவது. இங்கே ஆண்டின் பெரும்பகுதி பச்சையாகத்தான் இருக்கும். டாங்கி டெயில் மேலே சொன்ன கவனிப்போடு நிற்கும். பூவுக்காக அதை வாங்க வேண்டாம், சடைக்காக வாங்கலாம். செடம் ஏக்கர், செடம் ஸ்பூரியம், 'ஆட்டம் ஜாய்' போன்றவை பனிக்காலம் கண்டு உறங்கி எழும் குளிர்நாட்டுச் செடிகள். இணையத்தில் 'வண்ணச் செடம் விதை' என்று மிளகளவில் எதையோ அனுப்புகிறார்கள். செடத்தின் உண்மையான விதை மூக்குப்பொடிபோல் இருக்கும்.

கட்டுரையின் கடைசியில், ஜெர்மனியில் எட்டுப் பத்து செ.மீ. மண்ணில் கூரை முழுதும் செடம் பரப்பி வீட்டைக் குளிர்விப்பதுபோல் சென்னை மாடிகளிலும் செய்யலாம் என்ற யோசனை இருந்தது. அங்கே பயன்படுவது மேலே சொன்ன ஏக்கர், ஸ்பூரியம் இனங்களே. நம் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ., அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. மழைக்குத் தொட்டியை உள்ளே எடுத்து வைப்பதுபோல் கூரையை எடுத்து வைக்க முடியாது. லட்சங்கள் செலவழித்து யாராவது இறங்குவதற்கு முன், அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதோடு, செடம் வாங்கும் மாதம் சித்திரை அன்று, மார்கழி என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்,
நங்கநல்லூர், சென்னை.